ஒரே கரை, இரண்டு கூக்குரல்கள்



எங்கேனும் நிலம் நடுங்கினாலும், போர் மூண்டாலும், பஞ்சம் பரவினாலும் நாளிதழ்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘சர்வதேச சமூகம் தலையிட வேண்டும்.’ யார் இந்தச் சர்வதேச சமூகம்? அது எப்பொழுது ஓடி வருகிறது? எப்பொழுது வாளாவிருக்கிறது? இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது?

இவ்வினாக்களுக்கு விடை தேடி நாம் தூர தேசங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. இராமேசுவரத்திற்கு அப்பால், குறுகிய கடலைக் கடந்தால் போதும். இலங்கையின் வடகிழக்குக் கரையில் முல்லைத்தீவு என்றொரு மாவட்டம் இருக்கிறது. மீன்பிடித்தும் நெல் விளைவித்தும் வாழும் தமிழ் மக்களின் பூமி அது. அந்தக் கரை ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு முறை கதறியது. 2004 டிசம்பரில் எழுந்த கூக்குரலுக்கு உலகமே செவிசாய்த்தது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், அதே கரையில், முன்னதிலும் பெரிய கூக்குரல் எழுந்தது. அப்பொழுது உலகம் செய்தது என்ன? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு உங்களை அழைக்கிறேன்.

யார் இந்தச் சர்வதேச சமூகம்?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ‘சர்வதேச சமூகம்’ என்று தனியாக ஓர் ஆள் இல்லை. ஓர் அலுவலகமும் இல்லை. பல தரப்பினரைச் சேர்த்துச் சொல்லும் பெயரே அது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலகமும், உணவு, குழந்தைகள், அகதிகள் ஆகியோருக்கான அதன் கிளைகளும் அதில் அடக்கம். 15 நாடுகள் அமர்ந்திருக்கும் பாதுகாப்புச் சபை இருக்கிறது. அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கு எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் ‘வீட்டோ’ அதிகாரம் உண்டு. ஜெனீவாவில் 47 நாடுகள் கொண்ட மனித உரிமைக் கவுன்சில் இருக்கிறது. ஐ.நா.வைச் சேராத செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இருக்கிறது. நன்கொடை தரும் நாடுகள், கடன் தரும் சர்வதேச நாணய நிதியம், தொண்டு நிறுவனங்கள் ஆகியோரும் இதில் சேர்வர்.

இவர்கள் யாவருக்கும் பொதுவான கட்டு ஒன்று உண்டு. ஒரு நாட்டின் அரசு அனுமதித்தால்தான் அந்நாட்டு எல்லைக்குள் அவர்கள் தடையின்றிப் பணிபுரிய முடியும். துன்பத்தை உண்டாக்கியது இயற்கையாக இருக்கும்போது அந்த அனுமதி எளிதில் கிடைக்கும். துன்பத்திற்குக் காரணமானவர்களுள் அரசும் ஒருவராக இருந்தால், அனுமதி கேட்பதே போராட்டமாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதல் கூக்குரல்: 2004

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா தீவை ஒட்டிய கடலுக்கடியில் ஏற்பட்ட பூகம்பத்தால் எழுந்த சுனாமி, 14 நாடுகளில் ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. இலங்கையில் மட்டும் 35,000 பேர் வரை மாண்டனர் அல்லது காணாமற்போயினர். நம் தமிழகத்தில் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர், கன்னியாகுமரிக் கரைகளில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அதே வேளையில் முல்லைத்தீவுப் பட்டினமும் கடலோரமாக அழிந்தது. ஆலயங்களும் பள்ளிகளும் மீனவர் குடியிருப்புகளும் தரைமட்டமாயின.

உலகம் ஓடி வந்தது. தனக்கே அடிபட்டிருந்தும், இந்தியா சில மணி நேரத்திற்குள் தன் கடற்படைக் கப்பல்களையும் விமானங்களையும் இலங்கைக்கு அனுப்பியது. முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் ஐ.நா.வின் சிறப்புத் தூதராக நியமிக்கப்பட்டார். அரசுகளும் தனிமனிதரும் சேர்ந்து அளித்த, வாக்களித்த உதவியின் மொத்தம் 1,350 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. மும்பையில் காணிக்கை எடுக்காத தமிழ்ச் சபை அநேகமாக இல்லை. அன்றாடக் கூலிக்குச் செல்லும் சகோதரரும், வீட்டு வேலைக்குச் செல்லும் சகோதரிகளும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள்.

அந்த உதவிப் பணிகளைப் பின்னர் ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் குழுவினர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 7,100 டாலர் கிடைத்தது. அதே 2004ஆம் ஆண்டில் வங்கதேச வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவிடப்பட்டதோ தலைக்கு 3 டாலர். உலகத்தின் இரக்கம் தேவையின் அளவுப்படி பாய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா? தொலைக்காட்சிப் படக்கருவி எங்கே திரும்புகிறதோ, பணமும் அங்கே திரும்புகிறது.

அப்பொழுதே தெரிந்த விரிசல்

உலகம் தாராளமாகக் கொடுத்த அந்நாள்களிலேயே ஒரு விரிசல் தென்பட்டது. 2005 ஜனவரியில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னான் இலங்கைக்கு வந்தார். முல்லைத்தீவு அப்பொழுது விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்குச் செல்ல அரசு அவருக்கு இடங்கொடுக்கவில்லை. மிகவும் அடிபட்ட கரைகளுள் ஒன்றைக் காணாமலே அவர் திரும்பினார்.

உதவியை அரசும் புலிகளும் இணைந்து பகிர்வதற்காக 2005 ஜூன் 24 அன்று ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மூன்று வாரங்களுக்குள் இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டு, 2006 ஆகஸ்டில், திருகோணமலை மாவட்டம் மூதூரில், பிரான்ஸ் நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொண்டு செய்ய வந்தவர்களைக் கொன்ற அந்தக் குற்றத்திற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. பணத்தைக் கொட்டிய உலகம் இவற்றைக் கண்டது; சில அறிக்கைகளோடு நின்றுகொண்டது.

இரண்டாம் கூக்குரல்: 2009

நார்வேயின் முயற்சியால் 2002 பிப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தம், 2008 ஜனவரியில் முறைப்படி முடிவுக்கு வந்தது. படைகள் வன்னிக்குள் முன்னேறின. 2008 செப்டம்பரில், ஐ.நா. பணியாளர்களின் பாதுகாப்புக்கு இனிப் பொறுப்பேற்க இயலாது என்று அரசு அறிவித்தது. கிளிநொச்சியில் இருந்த ஐ.நா. அலுவலகத்தின் வாசலில் மக்கள் கூடினார்கள். ‘எங்களை விட்டுப் போகாதீர்கள்’ என்று மன்றாடினார்கள். செப்டம்பர் 16 அன்று வெளிநாட்டுப் பணியாளர்களின் வாகனங்கள் புறப்பட்டுப் போயின. அவர்களோடு வேலை செய்த உள்ளூர்ப் பணியாளர்களில் பலர் தங்கள் குடும்பத்தாருடன் உள்ளேயே சிக்கிக்கொண்டனர்.

அன்று அம்மக்கள் அரிசிக்காகவோ மருந்துக்காகவோ மன்றாடவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியார் ஒருவர் கண்முன் இருந்தால் குண்டு போடுகிறவன் ஒருகணம் யோசிப்பான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சாட்சி போய்விட்டால் என்ன நேரும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தது. மக்கள் கிழக்கு நோக்கி, கடலை நோக்கி நகர்ந்தார்கள். ஜனவரி 21 அன்று அரசு சுமார் 35 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்து, மக்களை அங்கே வரச் சொன்னது. அங்கேயும் எறிகணைகள் விழுந்தன. பிப்ரவரி 12 அன்று புதுமாத்தளன் கரையோரமாக, முன்னதிற் பாதிக்கும் குறைவான இன்னொரு வலயம் அறிவிக்கப்பட்டது. அங்கேயும் விழுந்தன. புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டது. கடைசி நாள்களில் மக்களுக்கு எஞ்சியிருந்த முள்ளிவாய்க்கால் நிலப்பரப்பு, நம் தாராவியின் பரப்பளவுக்கு ஏறத்தாழச் சுருங்கியிருந்தது. கூரையில்லாத, குழாய் நீரில்லாத, கழிவறையில்லாத ஒரு தாராவியில், மணலில் தோண்டிய பதுங்குகுழிகளுக்குள், பதினாயிரக்கணக்கான குடும்பங்கள் ஒடுங்கிக் கிடந்ததை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

நீதியாகப் பேசுவதானால் இதையும் கூற வேண்டும். அம்மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்தார்கள். தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதும், சிறுவர் சிறுமியரைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பியதும் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையில் பதிவாகியுள்ளன. அரசு கனரக ஆயுதங்களால் தாக்கியதையும், மருத்துவமனைகள் மீது எறிகணை வீசியதையும், உணவையும் மருந்தையும் முடக்கியதையும் அதே அறிக்கை நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்தது. இருபுறமும் துப்பாக்கி இருந்தது. நடுவே நின்ற மக்களிடம் பிள்ளைகளும் சமையற்பாத்திரங்களுமே இருந்தன.

அறியாமையா, தயக்கமா?

‘அங்கே நடந்தது உலகத்திற்குத் தெரியாது’ என்று சிலர் கூறுவர். அது சரியன்று. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் போர்முனைக்குள் விடப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும் உள்ளே இருந்த சில அரசு மருத்துவர்கள் நாள்தோறும் தொலைபேசி வழியாக விவரம் தெரிவித்தார்கள். ஐ.நா.வின் செயற்கைக்கோள் பிரிவு வானிலிருந்து எடுத்த படங்களில், பாதுகாப்பு வலயத்துக்குள் எறிகணை விழுந்த குழிகள் தெரிந்தன. பிப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, காயமுற்றோரும் நோயாளிகளும் அவர்களுடைய துணையாளருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுவந்தது. புல்மோட்டையில் இந்தியா அனுப்பிய மருத்துவக் குழுவினர் அவர்களுக்குச் சிகிச்சையளித்தனர். வெட்டுண்ட கைகால்களோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்த பின்னும் ‘தெரியாது’ என்று யார் கூற முடியும்?

கொழும்பில் இருந்த ஐ.நா. அலுவலகம் இறந்தவர்களை எண்ணிக்கொண்டும் இருந்தது. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக அதன் கணக்குக் கூறிற்று. அது பல வழிகளில் சரிபார்க்கப்பட்ட குறைந்தபட்சக் கணக்கு. ஆயினும் அந்த எண்களை முழுமையாக ஊரறிய வெளியிட ஐ.நா. தயங்கியது. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை மார்ச் 13 அன்று, ஜனவரி 20க்குப் பின் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தார். அதற்கே எதிர்ப்பு எழுந்தது.

வேறொரு எண்ணிக்கையும் உயிர்களைப் பறித்தது. வன்னியில் எஞ்சியிருப்போர் 70,000 பேர் அளவே என்று அரசு பிப்ரவரியில் கூறிவந்தது. அனுப்பிய உணவும் மருந்தும் அந்தக் கணக்குப்படியே அளக்கப்பட்டன. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ 2,80,000க்கும் அதிகம். ஓர் எண்ணைக் குறைத்தால் ஒரு குழந்தையின் பால்மாவு குறைகிறது. ஒரு காயத்திற்கான மருந்து குறைகிறது.

பாதுகாப்புச் சபை என்ன செய்தது? 2005 செப்டம்பரில் உலகத் தலைவர்கள் யாவரும் நியூயார்க்கில் கூடி, தன் மக்களைக் காக்க ஓர் அரசு தவறினால் அவர்களைக் காக்கும் பொறுப்பு உலகத்திற்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இலங்கைப் பிரச்சினை அச்சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒரு முறையேனும் சேர்க்கப்படவில்லை. முறைசாராத கூட்டங்களில் பேசிக்கொண்டார்கள். மே 13 அன்று செய்தியாளர்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஐந்து நாள்களில் எல்லாம் முடிந்துபோயிற்று.

போர் முடிந்த பின்

மே 23 அன்று ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் இலங்கைக்கு வந்தார். வவுனியாவை அடுத்த மெனிக் பார்ம் முகாமைப் பார்த்தார். போர் நடந்த கரையை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுச் செயலாளரால் அந்தக் கரையைக் காண முடியவில்லை. இப்பொழுது இன்னொருவர் ஆகாயத்திலிருந்து கண்டார்.

மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அது இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் இருந்தது. ஆதரவாக 29 நாடுகளும் எதிராக 12 நாடுகளும் வாக்களித்தன. 6 நாடுகள் விலகி நின்றன. ஆதரித்த நாடுகளுள் நம் இந்தியாவும் ஒன்று. ஜூலையில், முள்ளிவாய்க்காலில் கடைசிவரை இருந்த மருத்துவர்கள், காவலில் இருந்தபடியே செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன எண்கள் மிகைப்பட்டவை என்று கூறினார்கள். அதே மாதம் 24 அன்று சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு 260 கோடி டாலர் கடன் வழங்க ஒப்புக்கொண்டது. மெனிக் பார்ம் முகாம் மூடப்பட்டதோ 2012 செப்டம்பரில்தான்.

பிறகே மனச்சாட்சி மெல்ல விழித்தது. 2011 ஏப்ரலில் வெளியான நிபுணர் குழு அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்றது. 2012 நவம்பரில், ஐ.நா. அதிகாரியாயிருந்த சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான உள் ஆய்வு, ஐ.நா. அமைப்பு முழுவதுமே அம்மக்களைக் காக்கத் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உறுப்பு நாடுகள் கேட்க விரும்பியதையே அதிகாரிகள் சொன்னார்கள். கேட்க வேண்டியதைச் சொல்லவில்லை என்பது அதன் சாரம்.

பாடம் கற்றார்களா? 2017இல் மியான்மரிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்திற்கு ஓடினார்கள். அதைப் பற்றி 2019இல் வெளியான ஐ.நா.வின் ஆய்வும், இலங்கையில் கண்ட அதே தோல்வி மறுபடியும் நிகழ்ந்ததாகக் கூறிற்று.

ஏன் இந்த வேறுபாடு?

இரண்டு கூக்குரல்களும் ஒரே கரையிலிருந்து, ஒரே மக்களிடமிருந்து எழுந்தவை. உலகமும் அதே உலகந்தான். அப்படியிருக்க, வேறுபட்டது எது?

சுனாமிக்கு எதிராளி இல்லை. கடலைக் குற்றஞ்சாட்டினால் எந்த நாட்டின் நட்பும் கெடுவதில்லை. எந்த வணிக ஒப்பந்தமும் முறிவதில்லை. பணம் கொடுத்தால் போதும். போரிலோ, ‘கொல்லாதே’ என்று ஒருவரைப் பார்த்துக் கூற வேண்டியிருக்கிறது. அப்படிக் கூறினால் விலை கொடுக்க வேண்டும். வெறும் பணத்தால் தீரும் துன்பத்திற்கு உலகம் விரைகிறது. ஒரு வல்லவனை எதிர்த்து நிற்க வேண்டிய துன்பத்திற்குத் தயங்குகிறது. நான் காணும் முதன்மையான உண்மை இதுவே.

நல்ல சமாரியனின் உவமையை நீங்கள் சிறுவயதிலிருந்து அறிவீர்கள். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததை நாம் பெரிதாகப் பேசுகிறோம். அதற்கு முன்பு அவன் செய்த காரியம் ஒன்றுண்டு. கள்ளர் திரியும் அந்தச் சாலையில், தானும் தாக்கப்படலாம் என்று அறிந்தும், அவன் நின்றான், கிட்டே போனான். அவனுக்கு முன் சென்ற இருவரும் காயப்பட்டவனைக் காணாதவர்கள் அல்லர், கண்டும் விலகிப்போனவர்கள். உலகம் முல்லைத்தீவுக்குச் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தது. சாலையில் நிற்க வேண்டிய நாளில் நிற்கவில்லை.

இது பிற நாடுகளின் குற்றம் மட்டுமன்று. நம் நாட்டின் வாக்கையும் பாருங்கள். 2009இல் பாராட்டுத் தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2012இலும் 2013இலும் இலங்கை அரசைப் பொறுப்புக் கேட்கும் தீர்மானங்களை ஆதரித்தது. 2014இலும், பின்பு 2021, 2022 ஆண்டுகளிலும் விலகி நின்றது. ஒவ்வொரு முறையும் அண்டை நாட்டின் நட்பு, சீனாவின் செல்வாக்கு, தமிழகத்தின் குரல் ஆகியவை தராசில் வைக்கப்பட்டன. மடிந்தவர்களின் எடை அந்தத் தராசில் எவ்வளவு என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

விட்டுப் போகாதவர்கள்

2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நம் மும்பையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மித்தி ஆறு பெருகி குர்லா, சயான், தாராவி, சுனாபட்டிப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தண்டவாளங்கள் மறைந்தன. அன்றிரவு முதலில் கைகொடுத்தது யார்? மேல்மாடியில் இருந்த அடுத்த வீட்டார். மராத்தியரா, தமிழரா, முஸ்லிமா என்று எவரும் கேட்கவில்லை. அரசு உதவி பிறகு வந்தது. எந்தத் துன்பத்திலும் முதற்கை அருகிலிருப்பவனின் கையே.

வன்னியிலும் அப்படியே. வெளிநாட்டு வாகனங்கள் போன பின்னும் தங்கியிருந்தவர்கள் உள்ளூர் மருத்துவர்கள், செவிலியர், உள்ளூர்த் தொண்டு ஊழியர், குருமார், கன்னியாஸ்திரீகள், போதகர்கள். செஞ்சிலுவைப் பணியாளர்களிலும் உயிரிழந்தோர் உண்டு. அரிசியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, உப்பிட்டு, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஊற்றியவர்களும் அங்கிருந்தவர்களே. அந்தக் கஞ்சியே இன்று மே 18 நினைவு நாள்களில் ‘முள்ளிவாய்க்கால் கஞ்சி’ என்று பகிர்ந்து பருகப்படுகிறது. 2024 மே மாதம் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒரு கிண்ணம் கஞ்சியும் சாட்சியாக நிற்கிறது என்பதனாலேதான் அதற்கும் அஞ்சுகிறார்கள்.

இவர்களுள் ஒருவரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மன்னார் கத்தோலிக்க ஆயர் இராயப்பு ஜோசப், 2011 ஜனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் சென்று ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள், அரசு அலுவலகப் பதிவின்படி, 4,29,059 பேர். 2009 ஜூலைக்குள் அரசின் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது? அவர்கள் யாவரும் கொல்லப்பட்டனர் என்று அவர் கூறவில்லை, கணக்குக் கேட்டார். எதிர்ப்பும் விசாரணையும் வந்தபோதும் அந்தக் கேள்வியை அவர் திரும்பப் பெறவில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் மறைந்தார். கேள்விக்கு விடை வரவில்லை.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்தார்கள். ஆண்டுகள் உருண்டன, விடை காணாமலே அவர்களில் பலர் மரித்தார்கள். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 2025இல் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றிடையே ஒரு குழந்தையின் பள்ளிப்பையும் கிடந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் அங்கே நேரில் சென்று நின்றார். தாமதமாயினும், ஆகாயத்திலிருந்தன்றி மண்ணில் நின்று பார்த்தார். அதற்குக் காரணம் கேட்பதை நிறுத்தாத அந்தத் தாய்மாரே.

நாம் செய்யத்தக்கவை

‘சுனாபட்டியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருக்கும் எங்களால் ஆவதென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நான்கு காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, எண்ணைக் கேளுங்கள். எந்த நாட்டுத் துன்பத்தைப் பற்றிய செய்தியானாலும், எத்தனை பேர், யார் எண்ணினார்கள், யார் எண்ண விடவில்லை என்று கேட்கப் பழகுங்கள். வாலிபர் கூடுகையிலும் வீட்டு மேசையிலும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவது, பார்வையாளரை வெளியேற்றும் நாளைக் கவனியுங்கள். பத்திரிகையாளரும் தொண்டு ஊழியரும் ஓரிடத்தை விட்டு அகற்றப்படுகிறார்கள் என்றால் பெருந்துன்பம் அருகில் வந்துவிட்டது என்று பொருள். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுத வேண்டிய நேரம் அதுவே. எல்லாம் முடிந்த பின்பு ஏற்றும் மெழுகுவர்த்தியைவிட அந்த ஒரு கடிதம் மேலானது.

மூன்றாவது, கொடுக்கும்போது பாகுபடுத்தாதீர்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் குலைந்தபோது, தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட நாள் மே 18. தமிழருக்கு மட்டுமன்றி இலங்கை மக்கள் அனைவருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் ஈழத் தமிழ்த் தலைவர்களே. அடிபட்ட இனம், அடித்த அரசின் மக்களுக்கும் பசியாற வேண்டும் என்று கேட்டது. இதைவிடப் பெரிய பாடத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான்காவது, நம்மிடையே இருக்கும் அகதியை நினையுங்கள். 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் பல்லாயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். இந்தியா அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்களுடைய உரிமை அரசாணைகளையும் நம் நல்லெண்ணத்தையும் சார்ந்தே நிற்கிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் மாவட்டத்தில் உள்ள முகாம் எது என்று விசாரியுங்கள். ஒரு முறை சென்று பாருங்கள். கைநிறையக் கொண்டுபோக இயலாவிட்டாலும், அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்து, குடிசையிலும் சாலிலும் வாழ்வைத் தொடங்கியவர்கள் நாம். ‘நீங்கள் யார்? எங்கிருந்து வந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு இந்த நகரத்தில் பல தலைமுறையாக விடையளித்தவர்கள் நாம். ஆகையால் இடம்பெயர்ந்தவனின் வலி நமக்குப் புத்தகப் பாடமன்று. சர்வதேச சமூகம் என்பது நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் மட்டும் இருப்பதாக எண்ணாதீர்கள். தூரத்தில் அழுகிறவனின் குரல் கேட்டு, கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு, ‘அங்கே என்ன நடக்கிறது?’ என்று கேட்கும் ஒவ்வொருவரும் அந்தச் சமூகத்தின் அங்கமே. கிளிநொச்சி வாசலில் அம்மக்கள் கேட்டது ஒன்றே: விட்டுப் போகாதீர்கள். அடுத்த கூக்குரல் எந்தக் கரையிலிருந்து எழுமோ நாம் அறியோம். அது கேட்கும் நாளில், காணிக்கைப் பெட்டியைத் திறப்பதோடு, வாயையும் திறப்போமாக.